மரம் வாய்மூடி இருக்கட்டும்

வீணையின் குடத்தைப் பலாமரத்தில் குடைகிறார்கள். தந்தியோடு மரமும் சேர்ந்து அதிர்ந்தால்தான் நாதம். வீட்டில் ஒலிபெருக்கிப் பெட்டி செய்பவருக்கோ இலக்கணம் நேர்மாறு: மரம் வாய்மூடி இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் கணத்தில் பின்னே இழுக்கிறது. இரண்டு அலையும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிருதங்கத்தின் தொப்பி கேளாது. அவற்றைப் பிரித்து வைக்கவே பெட்டி.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஒலிபெருக்கியை மண்பானை வாயில் வைத்தவர்களும் உண்டு. சத்தம் கூடியது, மெய். ஆனால் பானை தன் முழக்கத்தையும் சேர்த்துவிட்டது. குண்டு விழுந்த ஊர் அளவெட்டியா, வல்வெட்டியா? அந்த முழக்கத்தில் மெய்யெழுத்துகள் கரைந்தன. மூலத்தை விட்டுத் தன் குரலையே கேட்கச்செய்யும் உரைகாரரை நான் வகுப்பில் ஒப்புவதில்லை, பெட்டியையும் அப்படியே.

ஆகவே முக்கால் அங்குலப் பிளைவுட் எடுங்கள். மூலைகளில் பசையிட்டுத் திருகாணி முடுக்குங்கள். உள்ளே குறுக்குச்சட்டம் ஒன்று, தளர்வாகக் கொஞ்சம் பஞ்சு. விரலால் தட்டினால் 'டொக்' என்று அடங்க வேண்டும், 'டொம்' என்று நீளக் கூடாது. வயர் வெளிவரும் துளையையும் அடைத்துவிடுங்கள்.

ஒன்றரை வோல்ட் பற்றரியின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையோடும், எதிர்முனையை எதிர்முனையோடும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே நகரும். இரு பெட்டிகளிலும் இணைப்பு ஒன்றுபோல் இருக்கட்டும். ஒன்றில் மாறினால், நடுவே அமர்ந்து பாட வேண்டியவரின் குரல் இடமின்றி அலையும். தொப்பியும் மறுபடி மங்கிவிடும்.