துணி துவைத்த தண்ணீரும் பிள்ளைகளின் சோதனையும்

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றால் போதும், "அப்பா, தொட்டி வேணும், அட்டை வேணும்" என்று பிள்ளைகள் நம்மைச் சுற்றி வருவார்கள். சலவைத்தூள் தண்ணீரால் மண்ணுக்கும் பயிருக்கும் என்ன ஆகிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த தலைப்பு. துவைத்த தண்ணீர் நேரே வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போகிற வீடுகள் நம்மிடம் எத்தனையோ! ஆகவே இந்த விடை பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டியதுதான்.

ஒரு கண்காட்சியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு தொட்டி. ஒன்றில் பயறு பச்சைப்பசேல் என்று நின்றது. மற்றது கருகிக் கிடந்தது. "சலவைத்தூள் விஷம்" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, எவ்வளவு தூள் போட்டே?" "ஒரு சொம்புத் தண்ணிக்கு ரெண்டு கைப்பிடி, ஐயா." பெரியவர் சிரித்துவிட்டார். "அவ்வளவு உப்பைப் போட்டாலும் கருகித்தானே போகும்? உங்க அம்மா அப்படியா துவைக்கிறாங்க?" பையனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் சோதனை தொடங்கியிருக்க வேண்டும்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துச் செய்வது சோப்பு. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அது நுரைக்காமல் திரிந்துபோகும். சலவைத்தூள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருளால் ஆனது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அதோடு சலவை சோடாவும் சேர்ந்திருக்கும். சோடாவில் உள்ள சோடியம் களிமண்ணில் ஏறிக்கொண்டே போனால், மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது. களர் நிலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி திட்டத்துக்கு வருவோம். ஒரே அளவாகப் பன்னிரண்டு தொட்டி எடுங்கள். அடியில் ஓட்டை இருக்கட்டும். ஒரே இடத்து மண்ணைச் சலித்து எல்லாவற்றிலும் சமமாக நிரப்பி, தொட்டிக்குப் பத்துப் பாசிப்பயறு ஊன்றுங்கள். மூன்று மூன்றாக நான்கு வரிசை வையுங்கள்.

முதல் வரிசைக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். இரண்டாவதற்குத் தூள் தண்ணீர். வீட்டில் ஒரு வாளிக்கு எத்தனை கரண்டி போடுகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டு, அந்தக் கணக்கிலேயே கரைக்க வேண்டும். மூன்றாவதற்கு அதே தூள் தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒன்பது பங்கு. அலசின தண்ணீருக்கு இது ஒப்பாகும் என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவதற்கு, தூளின் அதே எடை சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீர். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம். இதில் ஒன்று பிசகினாலும், வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

வரிசைக்கு முப்பது விதை. ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். பிறகு வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து குறியுங்கள். மூன்று வாரம் ஆனதும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். மண்ணின் கதையைச் சொல்லும் சோதனை இதுதான்.

குளத்துத் தண்ணீருக்கும் ஒரு சோதனை உண்டு. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன் சத்துகளைச் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரசும் போட்டார்கள். அந்தப் பக்கம் பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. சலவைத்தூளில் பாஸ்பேட் சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு. ஆகவே மூன்று கண்ணாடி பாட்டிலில் குளத்துத் தண்ணீர் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் துளித் தூள், இன்னொன்றில் துளி சூப்பர் பாஸ்பேட் போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். தூள் போட்ட பாட்டில் பச்சையாகாமலே போகலாம். அதுவும் ஒரு விடைதான்.

மீனையோ தவளையையோ இதில் போட வேண்டாம். மிச்சத் தண்ணீரைக் குளத்திலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மண்ணும் தொட்டியும் கொடுங்கள். சோதனையைப் பிள்ளையே செய்யட்டும். "வித்தியாசமே தெரியலப்பா" என்று முகம் வாடி வந்தால், "எண்ணைத் திருத்தாதே, கண்டதை எழுது" என்று தைரியம் சொல்லுங்கள். அலசின தண்ணீர் பயிரைக் கெடுக்கவில்லை என்று தெரிந்தால், கோடையில் நம் கீரைப் பாத்திக்கு அது எவ்வளவு பெரிய உதவி! மண் இறுகுகிறது என்று தெரிந்தால், முதல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். எப்படி ஆனாலும், திருத்திய எண்ணை நம்பிப் பாய்ச்சினால் நஷ்டம் நம் நிலத்துக்குத்தான்.