திங்கட்கிழமை ஆராதனை



ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்கள் நிரம்பி வழிகின்றன. பாடல், ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்ததும் போதகர் ஆசீர்வாதம் கூறி அனுப்புகிறார். "ஆராதனை முடிந்தது" என்று சொல்லிக்கொண்டு சபையார் வீடு திரும்புகிறார்கள். உண்மையில் அங்கேதான் ஆராதனை முடிகிறதா?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆலயத்தில் கழிவது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 166 மணி நேரம் யாருக்குச் சொந்தம்?

பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் 'அவோதா' என்றொரு சொல் உண்டு. வயலில் உழைப்பதற்கும் அதே சொல், கடவுளுக்குச் செய்யும் வழிபாட்டுக்கும் அதே சொல். தமிழிலும் பணி என்றால் வேலை, பணிதல் என்றால் வணங்குதல். வேலை ஒரு பக்கம், வணக்கம் மறுபக்கம் என்று பிரித்து வைத்தது மனிதர்களின் பழக்கமே.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் ஆராதனைக்கு விளக்கம் தருகிறார். உடலையே உயிருள்ள பலியாகக் கடவுளுக்குக் கொடுக்கச் சொல்கிறார். அந்த உடல் திங்கட்கிழமை எங்கே போகிறது? தொழிற்சாலைக்கு, அலுவலகத்துக்கு, அடுப்படிக்கு. அப்படியானால் ஆராதனையும் அங்கே போக வேண்டும்.

இதை வாழ்ந்து காட்டியவர் சகோதரர் லாரன்ஸ். போரில் காயம்பட்ட இந்தப் படைவீரர், 1640ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, ஏவல் வேலை செய்யும் சகோதரராக. அவருக்குக் கிடைத்தது சமையலறை. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆனாலும் சுமார் 15 ஆண்டுகள் அங்கே உழைத்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் முழங்காலில் நிற்கும் அதே அமைதியோடு கடவுளோடு பேசப் பழகினார். ஒரே நாளில் அல்ல. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் தடுமாறியதாக அவரே எழுதியிருக்கிறார். 1691இல் அவர் மறைந்த பிறகு அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வந்தன. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஆனால் மனத்துக்குள் பேசுவது மட்டும் ஆராதனை ஆகாது. ஆமோஸ் தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர். நீதி இல்லாத இடத்தில் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு வெறுப்பையே தரும் என்று துணிந்து சொன்னார். கூலியாளின் கூலியை மறுநாள் காலை வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். எடைக்கல் சரியாக இருக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது.

ஞாயிறன்று உரத்த குரலில் துதி பாடியவர், மாதக் கடைசியில் வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தை இழுத்தடித்தால் அந்தத் துதியின் கதி என்ன? வீட்டில் மனைவி பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால், கடையில் பொருளின் குறையை மறைத்து விற்றால், அவருடைய ஆராதனையை யார் நம்புவார்கள்? அக்கம் பக்கத்தில் வாழும் பிற சமயத்தார் வேதாகமத்தைப் படிப்பதற்கு முன் கிறிஸ்தவரின் நடத்தையைத்தான் படிக்கிறார்கள்.

இதனால் ஞாயிறு ஆராதனை தேவையில்லை என்று பொருளல்ல. சகோதரர் லாரன்ஸும் மடத்தின் ஜெப வேளைகளைக் கைவிட்டவரல்லர். ஆலயத்தில் ஏற்றிய விளக்கை அங்கேயே அணைத்துவிட்டு வரக்கூடாது என்பதே செய்தி.

நாளை காலை ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் துலக்குவதாக இருக்கலாம், கணக்கு எழுதுவதாக இருக்கலாம். அதைக் கடவுளின் கையில் கொடுப்பதுபோல் செய்து பாருங்கள். ஆராதனை அங்கே தொடங்கட்டும்.