யூரியா பக்தி
(காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)

இவ்வூரில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் நூலை நிறுக்காமல் சாயத்தைக் கொட்டுவாரா? கொட்டினால் நெசவாளர்தான் சும்மா விடுவாரா? வயலுக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமாம்! மண்ணில் என்ன இருக்கிறதென்று பாராமல், பக்கத்து வயல்காரர் ஒரு மூட்டை போட்டால் நாம் இரண்டு மூட்டை போடுகிறோம். உண்டியலில் காசு போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதில் அறவே கிடையாது. பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதைக் கண்டு மயங்குகிறோம். அளவு மிஞ்சினால் பயிர் சாயும். புகையானும் குலைநோயும் மிகும். மிச்சம் காற்றிலும் கிணற்றிலும் போய்ச் சேரும். சர்க்கார் மானியத்தால் 45 கிலோ மூட்டை 266 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. 2010-இல் மற்ற உரங்களின் மானிய முறையை மாற்றியவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். பக்தி வளர்ந்த வழி அதுதான்!

இன்னொரு கூட்டமோ இரசாயனமே விஷம், பசுஞ்சாணம் புனிதம், அது ஒன்றே போதும் என்கிறது. சாணத்தின் யோக்கியதை புனிதத்தில் இல்லை; மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கில் இருக்கிறது. எருமைச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் அதே வேலையைச் செய்யும். தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதாலும் நடக்கும்.

ஆகவே அறுவடை முடிந்ததும், வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்து மண்ணெடுத்துக் கலந்து, அரை கிலோவை வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். வரப்போர மண்ணும் எருக்குழி மண்ணும் வேண்டாம்.