விரதமும் விளையாட்டும்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விரதங்களில் உள்ள விஞ்ஞானம் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் கேட்டிருப்பார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, என் அகத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம், நிர்ஜலா ஏகாதசி. நம் பக்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குத்தான் விசேஷம். அடுத்த ஃபிளாட்டில் இருக்கும் வங்காள வைஷ்ணவக் குடும்பத்தைப் பார்த்து என் மனைவி இதையும் எடுத்துக்கொண்டு பல வருஷங்களாகின்றன. அன்று ஜலம்கூடக் கிடையாது. என் பேரனுக்கு அப்போது பதினைந்து வயசு. "பாட்டி இருக்காளே, நானும் இருக்கேன் தாத்தா" என்றான். நான் "சபாஷ்டா" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். ஏகாதசி விரதம் எட்டு வயசு தாண்டியவர்களிலிருந்து எண்பது வயசு வரை என்று சாஸ்திரம் சொல்வதை அவனுக்கு எப்போதோ சொன்னவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் அவனுக்குக் கால்பந்துப் பயிற்சி. அது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மழை இன்னும் பிடிக்கவில்லை. கல்கத்தா ஜூன் மாதப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது சுற்று ஓடும்போது பையன் சுருண்டு விழுந்துவிட்டான். கோச் மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், தலையில் ஐஸ் தண்ணீர் விட்டு, நர்ஸிங் ஹோமுக்கு எடுத்துச் சென்றார். இரண்டு பாட்டில் சலைன் ஏறிய பிறகுதான் பேச்சு தெளிந்தது. பகவான் காப்பாற்றினார், அந்த கோச்சும் காப்பாற்றினார்.

ஆனால் அன்று ராத்திரி நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. "பையனின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டேன். அவர் நிதானமாக, "மேஷோமொஷாய், முப்பது பையன்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பையனைக் கேட்டால், சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தானாம். என் மனைவியோ, தன்னால்தான் என்று அழுதாள். என் மாட்டுப்பெண் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

இதில் உள்ள கணக்கு சின்னக் கணக்கு. உடம்பின் எடையில் இரண்டு சதவிகிதம் நீர் குறைந்தாலே ஓட்டமும் கவனமும் தளரத் தொடங்கும். ஐம்பது கிலோ பையனுக்கு அது ஒரு லிட்டர். வெயிலில் கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு வேர்வை போய்விடலாம். இவனோ ஏற்கெனவே பகல் முழுவதும் குடிக்காதவன். மேலும், உடம்பைக் குளிர்விப்பது வேர்வை அல்ல, வேர்வை ஆவியாவது. நம் ஊர் ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்து ஓடும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு வேளை பசியை இளம் உடம்பு தாங்கும். வெயிலில் ஓடிக்கொண்டு தாகத்தைத் தாங்காது.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்னை இல்லை. பெங்கால் அணிக்காக ஆடும் முகமது ஷமி, 2025 மார்ச் 4 அன்று துபாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் மூன்று விக்கெட் எடுத்தார். ரம்ஜான் மாதம். இடையில் அவர் ஏதோ பானம் குடித்தது டி.வி.யில் தெரிந்தது. நோன்பு இருக்காதது குற்றம் என்று ஒரு மதத் தலைவர் கண்டித்தார். பிரயாணத்தில் இருப்பவருக்கும் நோயாளிக்கும் குர்ஆனிலேயே விலக்கு உண்டு, விட்ட நாட்களைப் பிறகு ஈடு செய்யலாம் என்று வேறு பலர் பதில் சொன்னார்கள். அவர் வளர்ந்த மனிதர், தானே முடிவு செய்துகொண்டார். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டிக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் நடந்த ஆட்டத்தில், சூரியன் அஸ்தமித்ததும் ஒரு கோல் கிக்கின்போது ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, நோன்பிருந்த வெஸ்லி ஃபொஃபானா முதலானோர் ஏதாவது சாப்பிட வழி செய்தார்கள். கேப்டன்களும் நடுவரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டது அது. முன்னாலேயே பேசியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் வேலை பார்த்த தளவாடத் தொழிற்சாலையில் உலைக்களப் பகுதி ஒன்று உண்டு. பாதுகாப்புப் படிவத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேர் போட்டால் மற்ற இருவர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு பழைய ஃபோர்மேன் இருந்தார், வங்காளி பிராமணர். ரம்ஜான் பிறக்குமுன் ஆட்களிடம் நேரில் போய், "யார் யார் நோன்பு?" என்று கேட்டு, அவர்களை உலைப் பக்கத்திலிருந்து மாற்றிவிடுவார். எந்தச் சுற்றறிக்கையும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நம் சாஸ்திரமும் கேட்டுத்தான் விதித்திருக்கிறது. நிர்ஜலா ஏகாதசிக்கு பீம ஏகாதசி என்றும் பெயர். என்னால் பசி தாங்க முடியாது என்று பீமன் வாய் விட்டுச் சொன்னான். வியாசர் அவன் உடம்பைப் பார்த்து, வருஷத்துக்கு ஒரு நாள் போதும் என்றார். அதே போல், விரதத்தைப் பங்கப்படுத்தாதவை என்று எட்டு சொல்வார்கள். ஜலம், கிழங்கு, பழம், பால், மருந்து எல்லாம் அதில் உண்டு. கூடவே குருவின் வார்த்தையும் உண்டு. இது சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். மைதானத்தில் விசில் வைத்துக்கொண்டு நிற்பவரும் அந்த நேரத்துக்கு குருதானே என்பது மட்டும் எழுபது வயசுக்கு மேல்தான் தோன்றியது. ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால், விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியவன், சபாஷ் சொன்ன நான். பதினைந்து வயசுப் பையன் "என்னால் முடியாது" என்று வாய் திறக்க மாட்டான், பீமன் இல்லை அவன்.

மறு வாரம் போய் கோச்சிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது பயிற்சி தொடங்குமுன், இன்று யாருக்கு விரதம், யாருக்கு நோன்பு, யாருக்கு ஜுரம் என்று கேட்கிறாராம். கை தூக்குகிறவர்களை உட்கார வைப்பதில்லை, பந்து பொறுக்கவும் ஸ்கோர் எழுதவும் விடுகிறாராம். பேரன் ஏகாதசிக்குப் பழமும் பாலும் ஜலமும் எடுத்துக்கொள்கிறான், பாட்டியே கொடுக்கிறாள். அவள் மட்டும் பழையபடிதான். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நம் சங்கக் குழந்தைகளின் விளையாட்டு தினம் வரப்போகிறது. படிவத்தில் ஒரு வரி கூடுதலாக அச்சடிக்கலாம் என்று கமிட்டி சொல்கிறது. அச்சடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று காலை கேட்டில் ஒருவர் நின்று, குழந்தைகள் ஒவ்வொருவரையும் "என்ன சாப்பிட்டாய், தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்க வேண்டும். நான் வருகிறேன். முழங்கால் சரியில்லை, ஒரு நாற்காலி மட்டும் போட்டுக் கொடுங்கள்.