ஆயாக் கொட்டகைக்குப் பின்: மழலையர் பராமரிப்பின் தரமும் பாதுகாப்பும்

ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில், இன்னும் எழுத்துக்கூட்டத் தொடங்காத குழந்தைகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

இவ்வூரின் பெயர் தமிழறிந்தோரை ஒரு கணம் நிறுத்தும். யான் என்பது பழந்தமிழில் தன்மை ஒருமைச் சொல். மலாய் ஊர்ப்பெயருக்கும் அதற்கும் உறவில்லை என்பதை நாம் அறிவோம். எனினும், 'யான்' என்று ஒருவர் தனித்துச் செய்து முடிக்க இயலாத ஒரு பணியைப் பற்றி யானில் நின்று பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிறர் பெற்ற பிள்ளையைப் பகற்பொழுதில் ஏற்று வளர்ப்போர் உள்ளனர். அவர்களுக்கு விதி வகுக்கும் அரசு உள்ளது. அவ்விருவர்க்கும் இடையே எத்தகைய பேச்சு நடக்கிறது, எத்தகைய பேச்சு நடக்க வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

ஆயா என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்த இந்தியப் பணிப்பெண்ணைக் குறித்த அச்சொல், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பிள்ளைகளை வளர்த்தவருக்குப் பெயராயிற்று. பெரும்பாலும் பால்மரம் வெட்ட இயலாத வயதை எட்டிய தோட்டத்து மூதாட்டியே அவர். பீடோங், சுங்கைப்பட்டாணி, கோலகெட்டில், பாடாங் செராய் எனக் கெடாவில் பரவியிருந்த தோட்டங்களில், லயங்களை அடுத்து ஆயாக் கொட்டகை இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தாய், உறங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்து அங்கே விட்டுச் செல்வாள். உத்தரத்தில் ஏணைகள் தொங்கும். நடக்கத் தெரிந்த பிள்ளை நடக்கத் தெரியாத பிள்ளையின் ஏணையை ஆட்டும்.

அக்கொட்டகையை நினைந்து உருகுவோர் உண்டு. நாம் அவ்வாறு உருகவில்லை. ஒரே ஆயாவின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதற்கு அங்கே வரம்பு இல்லை. பயிற்சி என்பதும் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது: பிள்ளையை விடும் இடமும் தாய் வேலை செய்யும் இடமும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தன. நண்பகலுக்குப் பின் தாய் திரும்பிவிடுவாள். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் செய்தி வெட்டுக்காட்டுக்கு நடந்தே போய்ச் சேரும்.

சட்டம் அக்கொட்டகையை நெடுங்காலம் விளிம்பிலேயே வைத்திருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. கெடா அக்கூட்டமைப்பில் சேராத மாநிலம். எனினும் தோட்டப்பள்ளி இங்கும் வேரூன்றியது. கவனிக்கத்தக்கது அந்த வயதுக் கணக்கு. கல்வி 7 வயதில் தொடங்குகிறது என்று சட்டம் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுகள் ஆயாவிடம் விடப்பட்டன. பின்னர் 1990இல் வந்த 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்போடு குழந்தைப் பராமரிப்பகத்துக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க முற்பட்டது. ஆனால் அதற்குள் தோட்டங்களே கரையத் தொடங்கிவிட்டன. சில துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. நம் பெண்கள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்கும், 1996இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பேருந்து ஏறினர். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வேலை நேரம் நீண்டது. தோட்டம் மறைந்தபோது ஆயாக் கொட்டகையும் மறைந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தேவை மட்டும் மறையவில்லை.

அத்தேவையை இன்று நிறைவேற்றுவோர் யாவர்? பக்கத்து வீட்டு அக்கா, தரைவீட்டின் முன்னறையில் சிறு மையம் நடத்தும் பெண்மணி, கோயில் மண்டபத்தையோ கடைவீட்டின் மாடியையோ வாடகைக்கு எடுத்த பாலர் பள்ளி, தமிழ்ப்பள்ளியோடு இணைந்த அரசுப் பாலர் வகுப்பு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைப் பற்றி நமக்குப் பெருங்கவலை இல்லை. 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் அங்கே உண்டு, கட்டடமும் பள்ளியினுடையது. மற்றவையே நம் பொருள்.

அரசு இவர்களை எவ்வாறு பார்க்கிறது என்பதை இரண்டு மலாய்ச் சொற்கள் காட்டும். ஒன்று தாஸ்கா, மற்றொன்று தாடிகா. முன்னதில் உள்ள 'அசுஹான்' பேணி வளர்த்தலைக் குறிக்கும்; பின்னதில் உள்ள 'டிடிக்கான்' கல்வி புகட்டலைக் குறிக்கும். 1984ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் தாஸ்கா, மகளிர் அமைச்சின் கீழுள்ள சமூகநலத் துறையில் பதிவு பெறவேண்டும். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் தாடிகா, 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி கல்வி அமைச்சில் பதிவு பெறவேண்டும். தமிழில் 'வளர்ப்பு' என்னும் ஒரு சொல் இரண்டையும் தழுவும். மூன்று வயதுக் குழந்தைக்குக் கை கழுவக் கற்றுத் தருவது பேணலா, கல்வியா? தாய்க்கு எழாத இவ்வினா அலுவலகத்தில் எழுகிறது. இருவகைக் குழந்தைகளையும் ஏற்கும் ஒரே மையம் இரண்டு துறைகளின் படியேற வேண்டும். யான் வட்டாரத்துக்கு இன்னும் ஒரு தொலைவு உண்டு: இங்குள்ள மாவட்டக் கல்வி அலுவலகம் கோல மூடாவையும் யானையும் சேர்த்தே பார்க்கிறது.

இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஒரு பிளவும் உள்ளது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாலர் பள்ளி நண்பகலோடு முடிகிறது. தாய் தொழிற்சாலையிலிருந்து இறங்குவதோ மாலை ஏழரைக்கு. இடைப்பட்ட நேரத்தில் அப்பிள்ளை 'டிரான்சிட்' என்னும் பெயரில் எங்கோ இருக்கிறது. நான்கு வயதைக் கடந்ததால் பராமரிப்புச் சட்டம் அதைக் குழந்தையாகக் கணக்கிடாது. பாடவேளை முடிந்ததால் பாலர் பள்ளிக்குரிய கலைத்திட்டமும் அதைத் தொடாது. கெடாவின் தொழிற்சாலைக் குடும்பங்களில் பிள்ளையின் நாளில் மிக நீண்ட பகுதி இதுவே. அவ்வாறே, வெவ்வேறு வீடுகளிலிருந்து நான்கு குழந்தைகளை ஏற்றால்தான் ஓரிடம் பராமரிப்பு மையமாகும்; மூன்று குழந்தைகளைப் பார்க்கும் அக்காவைச் சட்டம் காண்பதில்லை.

பதிவு என்பது எதற்கு? தீயணைப்புத் துறை, சுகாதார அலுவலகம், மாவட்ட மன்றம் என்று தாள்களைத் தேடி அலைவது வீண் என்று எண்ணுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறோம். 2004 ஜூலை 16 அன்று தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கூரை ஓலை; இறங்குவதற்கு இருந்தது குறுகிய படிக்கட்டு. மற்றொன்று நம் கண்முன் நடந்தது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் பெய்த பெருமழை, மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பகுதிகளில் இறங்கியது. ஆறு உயிர்கள் போயின. மலையடிவாரத்து ஓடைக்கருகே குழந்தைகளின் மையம் அமையலாமா என்பதை வெறும் தாள் விவகாரம் என்று இவ்வூரார் இனிச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே விதிகள் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் குறை, அவ்விதிகளின் விலையை யார் தருவது என்பது பற்றிப் பேச்சே எழவில்லை என்பதுதான். பதிவுபெற்ற மையத்தில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். மூன்று வயது முதல் நான்கு வயது வரை பதின்மருக்கு ஒருவர். நல்ல விதி. ஆயாக் கொட்டகை காணாத விதி. கரும்பலகையில் ஆசிரியர்கள் போட்டுக் காட்டத்தக்க கணக்கு ஒன்று இதில் உள்ளது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மூன்று கைக்குழந்தைகளைப் பார்க்கும் பராமரிப்பாளருக்கு அச்சம்பளத்தைத் தருவதற்கு மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 567 ரிங்கிட் வேண்டும். வாடகை, உணவு, சேமநிதி, சொக்சோ ஆகியன தனி. அதே 1,700 ரிங்கிட் வாங்கும் தாய், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கைக்குழந்தைக்காகத் தரவேண்டும். அவளால் தர இயலாது. ஆகவே ஒன்று பராமரிப்பாளரின் சம்பளம் குறைகிறது, அல்லது ஒருவர் கையில் ஆறேழு குழந்தைகள் சேர்கின்றன. பிந்தியது நிகழும் வீடு பதிவை நாடாது.

பெற்றோர்க்கு உதவி இல்லாமல் இல்லை. பதிவுபெற்ற மையத்துக்குச் செலுத்தும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு வரியே இல்லை. கழிப்பதற்கு என்ன இருக்கிறது? வசதி குறைந்த இந்தியக் குடும்பங்களின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு மித்ரா உதவுகிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இத்தகைய உதவி பதிவுபெற்ற மையத்தையே நாடிச் செல்லும். பதிவு இல்லாத இடத்தில் விடப்பட்டுள்ள பிள்ளைதான் எல்லாரினும் ஏழை என்பது பெரும்பாலும் உண்மை.

அண்டை நாடான சிங்கப்பூர் 2013இல் பராமரிப்பையும் பாலர் கல்வியையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொணர்ந்தது. 2017இல் இயற்றிய சட்டம் 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபின், இருவகை மையங்களும் ஒரே உரிமமுறைக்குள் வந்தன. பாலர் பள்ளிகளில் நடந்த சில முறைகேடுகளுக்குப் பின் 2024 ஜூலை முதல் கண்காணிப்புக் கேமராவும் கட்டாயமாயிற்று. கேமராவை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அது நடந்ததைக் காட்டும், பசித்தழும் மூன்றாவது குழந்தையைத் தூக்காது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே வாயில் என்னும் ஏற்பாட்டை.

இனி மொழிக்கு வருவோம். மொழிக் கழகத்தின் மேடையில் அதைத் தவிர்க்கலாகாது. நம் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றன. பராமரிப்பாளர் சங்கங்களும் பாலர் பள்ளிச் சங்கங்களும் தலைநகரில் அமைச்சுகளோடு அமர்ந்து பேசுகின்றன. அப்பேச்சு வேண்டியதே. குவார் செம்படாக்கில் நான்கைந்து தமிழ்க் குழந்தைகளைப் பார்க்கும் பெண்மணி அம்மேசையில் இல்லை. எச்சங்கத்திலும் அவர் இல்லை. அவரிடம் அரசு முதன்முதலாகப் பேசுவது பெரும்பாலும் யாரேனும் புகார் கொடுத்த பிறகுதான். அப்போது அது உரையாடலாக இருப்பதில்லை. மூன்றாம் குழந்தைக்கும் நான்காம் குழந்தைக்கும் இடையே ஒரு சட்டக்கோடு இருக்கிறது என்பதையே அவர் அன்றுதான் அறிகிறார்.

அவருக்குத் தெரிய வேண்டியவை பல தமிழில் எளிதில் சொல்லக்கூடியவை. பால்புட்டியைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் குழந்தைக்குப் புரையேறலாம். ஏணையில் உறங்கும் குழந்தை கண்பார்வையில் இருக்கவேண்டும். வேனில் ஏறிய தலைகளை இறங்கும்போதும் எண்ணவேண்டும். வெயிலில் பூட்டிய வாகனத்தில் மறக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்தியை இந்நாட்டு நாளேடுகள் பலமுறை தாங்கி வந்துள்ளன. கை, கால், வாய் நோயின் கொப்புளம் கண்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவேண்டும். சுகாதார அதிகாரிக்குச் சொல்வது தண்டனையை வரவழைப்பதாகாது. குழந்தையின் உடலில் கொடுமையின் அடையாளம் தெரிந்தால் வாய்திறப்பது அவரவர் மனத்தைப் பொறுத்ததன்று. 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் அதைப் பராமரிப்பாளரின் கடமையாகவே விதிக்கிறது. இவற்றைச் சொல்லும் தமிழ்க் கையேடு நான்கு பக்கத்தில் அடங்கும்.

இங்கே ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு ஆண்டு வாழ்ந்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. அது முன்பு எங்கே விடப்பட்டது, மாலையில் இன்னும் எங்கே போகிறது என்று பெற்றோரிடம் கேட்டறியக்கூடியவர் நீங்களே. ஒரு பள்ளி வட்டாரத்தில் அத்தகைய வீடுகள் ஐந்தாறு இருக்கலாம். பள்ளி விடுமுறையின் ஒரு சனிக்கிழமையில் அவ்வீட்டுப் பெண்களைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு அழையுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலரையும், சுகாதார அலுவலகத்துச் செவிலியரையும், தீயணைப்பு வீரர் ஒருவரையும் அழையுங்கள். அலுவலர் மலாயில் பேசட்டும். ஆசிரியர் தமிழில் சொல்லட்டும். படிவத்தை அங்கேயே நிரப்பலாம். அன்று யாரையும் தண்டிக்கப்போவதில்லை என்ற உறுதியை அலுவலரிடம் முன்னதாகப் பெறுங்கள். இல்லையேல் நாற்காலிகள் மட்டுமே வந்திருக்கும்.

நான்கு பக்கக் கையேட்டின் முதல் வரைவு வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது. மாணவர்கள் அதை எடுத்துச் சென்று, பிள்ளை பார்க்கும் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவருக்கு விளங்காத சொற்களின்கீழ்க் கோடிட்டுக் கொண்டுவர வேண்டுகிறோம். இனி வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.