முடி வெட்ட அஞ்சும் குழந்தை
(விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஆற்றிய உரை)



திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் முடி காணிக்கை செலுத்தும் வேளையில், சில குழந்தைகளை நால்வர் அமுக்கிப் பிடிக்கக் காண்கிறோம். கத்தி பட்டுவிடும் அபாயமும் உண்டு. அக்குழந்தைகளுள் ஆட்டிசம் உடையோரும் இருக்கலாம். அவர்களது அலறல் பிடிவாதம் அன்று. மெஷினின் இரைச்சலும் கழுத்தில் விழும் மயிரின் அரிப்பும் அவர்களைப் பன்மடங்கு வருத்தக்கூடும்.

ஆதலின், சில நாள் முன்னரே சீப்பைக் கையில் கொடுத்துப் பழக்குவோம். அண்ணன் முடி வெட்டிக்கொள்வதை அருகிருந்து பார்க்கட்டும். முடிதிருத்துவோரிடம் சொல்லி, கூட்டமில்லாத நேரத்தில் கத்தரிக்கோலாலேயே வெட்டச் செய்வோம். இன்று பாதி, நாளை மீதி என்றாலும் குறையில்லை. ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். வேண்டுதலும் சற்றுக் காத்திருக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய பெற்றோரை விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு நாமே அழைத்துச் செல்வோம்.