கப்பலேறி வந்த காய்ச்சல்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



1918-ம் வருஷத்து விஷக் காய்ச்சலைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வருஷம் முடிந்த முதல் உலக யுத்தத்தில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர். அவர்களுக்காக டில்லியில் பெரிய வளைவு எழுப்பியிருக்கிறார்கள், எழுப்பியது நியாயம்தான். ஆனால் அந்த யுத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த காய்ச்சலில் நமது நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான பேர் செத்தார்கள். இவர்களுக்கு எந்த ஊரில் ஞாபகக் கல் இருக்கிறது? நாம் பார்த்ததில்லை.

இந்தக் காய்ச்சல் எந்த வழியாக வந்தது, வந்த வழியில் யாரைத் தொட்டது, யாரைக் கொன்றது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் பன்ஸ்டன் என்றொரு ராணுவ முகாம். ஐரோப்பிய யுத்தத்துக்கு அனுப்புவதற்காக ஆயிரக்கணக்கான இளைஞர்களை அங்கே பட்டியில் ஆடுகளை அடைப்பதுபோல் அடைத்திருந்தார்கள். 1918 மார்ச் ஆரம்பத்தில் அங்கே காய்ச்சல் கிளம்பியது. மூன்று வாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வியாதி பிறந்த இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. அதற்கு முன்பே வேறு தேசத்தில் தோன்றியது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்கத் துருப்புகள் கப்பலேறியபோது காய்ச்சலும் ஏறியது என்பதில் சந்தேகமில்லை. ஏப்ரலில் பிரான்ஸ் துறைமுகங்கள். பிறகு யுத்த முனையின் பதுங்கு குழிகள். இந்தப் பக்கத்துச் சிப்பாயும் அந்தப் பக்கத்துச் சிப்பாயும் ஒரே காய்ச்சலில் படுத்தார்கள்.

யுத்தம் செய்த சர்க்கார்கள் இதைப் பத்திரிகையில் போட விடவில்லை. ஸ்பெயின் யுத்தத்தில் சேராத நாடு. மே மாதம் அந்த நாட்டு அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோ படுத்தபோது அங்கத்திய பத்திரிகைகள் பகிரங்கமாக எழுதின. உடனே உலகம் முழுவதும் 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறைத்தவன் நல்லவன், உண்மையைச் சொன்னவன் தலையில் பழி!

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன சிப்பாய்களும் கூலிப் படையினரும் பத்து லட்சத்துக்கு மேல். அவர்கள் போக வர வாசலாக இருந்தது பம்பாய்த் துறைமுகம். 1918 மே மாதக் கடைசியில் அங்கே ஒரு கப்பல் வந்து நின்றது. ஜூன் 10-ந் தேதி, துறைமுகத்தில் காவல் நின்ற ஏழு போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில் கப்பல் பட்டறை, தபால் தந்தி ஆபீசுகள், நாணயச் சாலை, பஞ்சாலைகள் என்று வரிசையாகப் படுத்தன. கப்பல்தான் கொண்டுவந்தது என்றார் நகரசபையின் சுகாதார அதிகாரி டாக்டர் டர்னர். இல்லை, பம்பாயின் அழுக்கிலிருந்துதான் கப்பலுக்குப் போனது என்றது சர்க்கார் தரப்பு. தங்கள் கப்பலைக் குற்றம் சொல்லலாமா? நகரத்து ஏழையைச் சொல்லலாம்.

இந்த முதல் அலையில் சாவு குறைவு. மூன்று நாள் காய்ச்சல், மேல்வலி, பிறகு எழுந்து வேலைக்குப் போனார்கள். ஜூலையில் தணிந்தது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆகஸ்டில் அது வேறு முகத்தோடு திரும்பியது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரீடவுன், பிரான்ஸில் பிரெஸ்ட், அமெரிக்காவில் பாஸ்டன்: மூன்றும் துறைமுகங்கள், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். பிரீடவுன் கதையை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 15-ந் தேதி 'மான்டுவா' என்ற பிரிட்டிஷ் கப்பல் சுமார் இருநூறு நோயாளிகளோடு அங்கே நிலக்கரி ஏற்ற வந்தது. கரி ஏற்றுகிறவர்கள் யார்? தலையில் கூடை சுமக்கும் ஆப்பிரிக்கக் கூலிகள். ஆகஸ்ட் 27-ந் தேதி கரிக் கம்பெனியில் வேலைக்கு வர வேண்டிய 600 பேரில் 500 பேர் வரவில்லை. 'ஆப்பிரிக்கா' என்ற மற்றொரு போர்க்கப்பல் வந்தபோது கரி ஏற்ற ஆளில்லாமல் மாலுமிகளே இறங்கி மிச்சமிருந்த கூலிகளோடு கரி சுமந்தார்கள். சில வாரங்களில் அந்தக் கப்பலில் 51 பேர் மாண்டார்கள். ஆனாலும் கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை, தோழர்களே. யுத்தம் நடக்க வேண்டுமே!

இந்த இரண்டாவது அலை கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டும் தேடவில்லை. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், உழைத்துச் சம்பாதிக்கிற பிராயத்தில் இருந்தவர்களை நிறைய வாரிக்கொண்டது. காலையில் தறியில் நின்றவன் இரண்டொரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து, முகம் நீலம் பாரித்துப் போனான்.

செப்டம்பரில் பம்பாய் மறுபடி படுத்தது. அக்டோபர் 6-ந் தேதி ஒரே நாளில் அந்த நகரத்தில் 768 பேர் செத்தார்கள். சுடுகாட்டில் விறகு இல்லை. ரயில் பாதை போன இடமெல்லாம் காய்ச்சலும் போய், அக்டோபரில் சென்னை ராஜதானியையும் பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. யுத்தத்தால் ஏற்கெனவே ஏறியிருந்த தானிய விலை மளமளவென்று மேலே போயிற்று. பதுக்கியவன் பதுக்கினான். செப்டம்பரில் சென்னையில் பசித்த ஜனங்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள் என்றால் அரிசி விற்ற விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டர்களிலும் ஏராளமானவர்கள் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்கிறோம். கவனமாகக் கேளுங்கள். பம்பாய் நகரத்தில் இந்தக் காய்ச்சலில் செத்தவர்களை அன்றைக்கே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர். பார்சிகளில் 9 பேர். மேல்சாதி இந்துக்களில் 18.9. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களில் 61.6!

துரை பங்களாவில் நல்ல மருந்து இருந்தது, சேரியில் இல்லை, அதனால்தான் இப்படி என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. மருந்து யாரிடமும் இல்லை. எந்தக் கிருமி என்றே அன்று தெரியாது. மனிதனைப் பிடிக்கும் இன்புளூயன்சா வைரஸை லண்டனில் பிரித்தெடுத்தது 1933-ல். 1918-ல் கொன்ற அந்தக் குறிப்பிட்ட வைரஸின் முழு அமைப்பை, அலாஸ்காவின் உறைந்த மண்ணில் கிடந்த ஒரு பெண்ணின் சடலத்திலிருந்தும், அந்தக் காலத்து ராணுவ ஆஸ்பத்திரிகள் சேமித்து வைத்த நுரையீரல் துண்டுகளிலிருந்தும் படித்து முடித்தது 2005-ல்தான்.

ஆக, துரைக்கும் மருந்தில்லை, தோட்டிக்கும் மருந்தில்லை. பின் எப்படி எட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம்? துரை படுத்தால் தனி அறை, ஜன்னல் காற்று, பால், கஞ்சி, பக்கத்தில் ஒரு ஆள், காய்ச்சல் விட்டபின் ஒரு வாரம் ஓய்வு. பம்பாயில் 'சால்' என்று சொல்லும் ஒற்றை அறைக் குடியிருப்பில் ஒரே அறையில் அத்தனை பேரும் படுத்தார்கள். எழுந்து தண்ணீர் கொடுக்க ஆளில்லை. காய்ச்சல் விட்டும் விடாமலும் ஆலைக்கு ஓடினார்கள். போகாவிட்டால் கூலி கிடையாது. கிராமத்தில் கூழுக்கே தானியமில்லாத உடம்பு காய்ச்சலை எதைக் கொண்டு எதிர்க்கும்?

நமது பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தக் காய்ச்சலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள் என்று 1921-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பே எழுதியது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தின்றவள் அவள். தானே காய்ச்சலில் கிடக்கும்போதும் மற்றவர்களுக்குப் பாடு பார்த்தவளும் அவள்தான்.

"விதி, யாரால் தடுக்க முடியும்?" என்று கேட்கிறவர்களுக்காகப் பசிபிக் சமுத்திரத்துக்குப் போவோம். அங்கே சமோவா தீவுகள். மேற்குப் பாதி நியூசிலாந்து ராணுவத்தின் கையில். கிழக்குப் பாதி அமெரிக்கக் கடற்படையின் கையில். 1918 நவம்பர் 7-ந் தேதி 'டலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து நோயாளிகளோடு மேற்குச் சமோவாவின் அப்பியா துறைமுகத்துக்கு வந்தது. தடுத்து நிறுத்தாமல் இறங்க விட்டார்கள். இரண்டே மாதத்தில் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 8,500 பேர், மாண்டார்கள். சிறிது கடல் தூரத்தில் இருந்த கிழக்குப் பாதியில் போயர் என்ற கவர்னர் கப்பல்களைத் தனிமைப்படுத்தி வைத்தார். அங்கே இந்தக் காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை. ஒரே கடல், ஒரே இனத்து ஜனங்கள், ஒரே வியாதி. மேற்குச் சமோவாவில் நடந்ததற்கு நியூசிலாந்துப் பிரதமர் 2002-ல் மன்னிப்புக் கேட்டார். எண்பத்து நான்கு வருஷம் கழித்து!

நமக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் சர்க்கார் ஒப்புக்கொண்டது சுமார் 60 லட்சம் சாவு. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை சொல்கிறார்கள். எழுதுகிற கிராம அதிகாரியே செத்துப்போன ஊரில் யார் கணக்கு எழுதுவது? 1911-க்கும் 1921-க்கும் இடையில் நமது நாட்டு ஜனத்தொகை குறைந்தது. கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான்.

அந்த 1918 ஏப்ரல் 27-ந் தேதிதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். பம்பாயில் அப்படிப்பட்ட பலமான ஆலைச் சங்கம் அப்போது கிடையாது. யுத்த காலத்தில் அங்கே முதலாளிகள் கொள்ளை லாபம் அடித்திருந்தார்கள். தொழிலாளியின் கூலியோ விலைவாசிக்கு எட்டாத் தூரத்தில் நின்றது. காய்ச்சல் ஓய்ந்து இரண்டு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. 1919 ஜனவரியில் லட்சத்துக்கு மேற்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு இயந்திரங்களை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். அண்ணனையும் மனைவியையும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய்விட்டுத் திரும்பிய தோள்கள் பல அந்தக் கூட்டத்தில் இருந்தன.